பிஎச்பி மேல் விழும் வீண்பழி

ஜாவாஸ்கிரிப்டுக்கும் பிஎச்பிக்கும் இடையே ஓர் அரே போய்வரும்போது கீயின் வகை மாறிவிட்டது என்று புகார் வந்தால், நம் மென்பொருள் அலுவலகங்களில் விசாரணை அதிக நேரம் நடப்பதில்லை. "பிஎச்பிதானே, அப்படித்தான் இருக்கும்" என்பார் ஒருவர். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். தீர்ப்பு முடிந்துவிடும். பரிகாரங்களும் தயாராக இருக்கும்: ஃபைலின் தலையில் ஸ்ட்ரிக்ட் டைப்ஸ் போடு, இரண்டு சமக்குறியை மூன்றாக்கு, பிரவுசர் பக்கத்தை டைப்ஸ்கிரிப்டுக்கு மாற்று. இந்தத் தீர்ப்பு தவறு. சொல்லப்படும் மூன்று பரிகாரங்களில் ஒன்றுகூட இந்தச் சிக்கலைத் தீர்க்காது.

சென்னை மாநகரப் பேருந்துகளின் தட எண்களை வைத்தே பேசுவோம்: 70, 102, 29சி, 21ஜி. எண் என்று சொல்கிறோமே தவிர எல்லாம் பெயர்கள்தான். 70ஐயும் 102ஐயும் கூட்டிப் பார்க்க யாருக்கும் தேவை வராது. ஆனால் தட எண்ணைக் கீயாகவும் அந்தத் தடத்தின் நேர அட்டவணையை மதிப்பாகவும் வைத்து ஓர் அரே கட்டுவது புரோகிராமருக்குக் கைப்பழக்கம். கீயைக் கொடுத்தால் அட்டவணை வந்துவிடும், தேட வேண்டியதில்லை. அந்த வசதிக்குள்தான் வில்லங்கம் ஒளிந்திருக்கிறது.

பிஎச்பியில் அரேயின் கீ முழு எண்ணாகவோ ஸ்ட்ரிங்காகவோ மட்டுமே இருக்க முடியும். மேற்கோள் குறிக்குள் '70' என்று ஸ்ட்ரிங்காகவே கொடுத்தாலும் அது முழு எண் 70 ஆகிவிடும். '29சி' ஸ்ட்ரிங்காகவே நிற்கும். '070' மாறாது, '+70' மாறாது, '70.0' மாறாது, '-70' மாறும். இதைக் கிறுக்குத்தனம் என்கிறார்கள். உண்மையில் இதன் விதி ஒரே வரி: அந்த ஸ்ட்ரிங்கை முழு எண்ணாகப் படித்துத் திரும்ப எழுதினால் அதே எழுத்துகள் கிடைக்குமானால் அது முழு எண் கீ, இல்லையென்றால் ஸ்ட்ரிங். பிஎச்பி கையேட்டில் அரே பற்றிய பக்கத்திலேயே இது இருக்கிறது. படிக்காதவர்கள் மொழியைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

ஜாவாஸ்கிரிப்ட் என்ன செய்கிறது? அதுவும் மாற்றத்தான் செய்கிறது, எதிர்த்திசையில். ஒரு ஆப்ஜெக்டின் கீ ஸ்ட்ரிங்காகவோ சிம்பலாகவோதான் இருக்க முடியும். சதுர அடைப்புக்குள் 70 என்று எண்ணைக் கொடுத்தால் அது '70' என்ற ஸ்ட்ரிங் ஆகிறது. அரேயின் இன்டெக்ஸும் உள்ளே ஸ்ட்ரிங்தான். அது இன்டெக்ஸாக மதிக்கப்படுமா என்பதைத் தீர்மானிக்க, ஜாவாஸ்கிரிப்டும் ஏறக்குறைய பிஎச்பி கேட்கும் அதே கேள்வியைக் கேட்கிறது: எண்ணாகப் படித்துத் திரும்ப எழுதினால் அதேதானா? 1995ஆம் ஆண்டு வெளியுலகுக்கு வந்த இரண்டு மொழிகளும் ஒரே சோதனையை நடத்தி, ஒன்று எண்ணின் பக்கமும் மற்றொன்று ஸ்ட்ரிங்கின் பக்கமும் சாய்கின்றன. ஒன்றை மட்டும் கூண்டில் ஏற்றுவது எந்த நியாயம்?

இரண்டுக்கும் நடுவே ஓடும் ஜேசன் வடிவத்தையும் பாருங்கள். அதில் ஆப்ஜெக்டின் பெயர்கள் ஸ்ட்ரிங்காக மட்டுமே இருக்கலாம். எண்ணைக் கீயாக எழுத அதில் இடமே கிடையாது. பிஎச்பியில் முழு எண்ணாக இருந்த 70 கம்பியில் ஏறும்போது மேற்கோள் குறி பூட்டிக்கொண்டுதான் ஏறும். "வழியில் வகை தொலைந்துவிட்டது" என்பவர்கள், கீக்கு வகை என்பதையே அனுப்ப முடியாத ஒரு வண்டியில் அதை ஏற்றியிருக்கிறார்கள்.

பிஎச்பிக்குக் கெட்ட பெயர் வந்ததில் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 7ஆம் பதிப்பு வரை, இரட்டைச் சமக்குறியால் 29 என்ற எண்ணையும் '29சி' என்ற ஸ்ட்ரிங்கையும் ஒப்பிட்டால் இரண்டும் ஒன்று என்று பதில் வரும். 29ஆம் தடமும் 29சி தடமும் ஒன்றென்று சொல்லும் ஒரு மொழியைக் கிண்டல் செய்யாமல் எப்படி இருப்பது? 2020 நவம்பரில் வந்த 8ஆம் பதிப்பு அதைத் திருத்திவிட்டது. ஆனால் அது ஒப்பிடுவதற்கான விதி. கீக்கான விதி வேறு. கீ என்ற அளவில் 29ம் '29சி'யும் எந்தப் பதிப்பிலும் ஒன்றாக இருந்ததில்லை. இந்த இரண்டு விதிகளையும் குழப்பிக்கொண்டதில்தான் இந்தப் பொதுக் கருத்தே பிறந்தது. பழைய வடு மறையவில்லை என்பதற்காகப் புதுக் குற்றத்தையும் அதே ஆள் மேல் சுமத்துகிறார்கள்.

இனி பரிகாரங்களுக்கு வருவோம். ஸ்ட்ரிக்ட் டைப்ஸ் என்ற அறிவிப்பு, ஃபங்ஷனுக்குள் போகும் மதிப்பும் அதிலிருந்து திரும்பும் மதிப்பும் சொன்ன வகையில் இருக்கின்றனவா என்று பார்க்கும். அரேயின் கீயை அது தொடாது. அதைப் போட்டாலும் '70' முழு எண்ணாகத்தான் மாறும். பிறகு ஃபோர்ஈச்சில் அந்தக் கீயை எடுத்து, ஸ்ட்ரிங் வேண்டும் என்று கேட்கும் ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் டைப் எரர் வெடிக்கும். அதுவும் 70க்கும் 102க்கும் மட்டும். 29சி, 21ஜி இரண்டும் சத்தமில்லாமல் கடந்து போகும். டெஸ்ட் எழுதியவர் தற்செயலாக 29சியை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் எல்லாம் பச்சை. வேடிக்கை என்னவென்றால், ஸ்ட்ரிக்ட் டைப்ஸ் போடாத ஃபைலில் அந்த 70 தானாக ஸ்ட்ரிங்காகி வேலை நடந்துவிடும். அந்த எரரால் ஒரு நன்மை உண்டு, சிக்கல் வெளியே தெரிகிறது. ஆனால் தெரிவிப்பதைத் தீர்ப்பது என்று விற்கக்கூடாது.

மூன்று சமக்குறியின் கதையும் இதேதான். பிஎச்பியில் கீயாக இருக்கும் முழு எண் 70ஐ, முகவரியில் வந்த '70' என்ற ஸ்ட்ரிங்குடன் மூன்று சமக்குறியால் ஒப்பிட்டால் பொய் என்று வரும். ஜாவாஸ்கிரிப்டில் ஆப்ஜெக்டின் கீகளைக் கேட்டு வாங்கிய '70'ஐ, சர்வர் மதிப்பாக அனுப்பிய எண் 70உடன் ஒப்பிட்டாலும் பொய்தான். இரண்டு பக்கமும் விதிப்படி சரியாக நடந்துகொண்டு, பயணிக்கு மட்டும் பேருந்து கிடைக்காமல் போகிறது.

டைப்ஸ்கிரிப்டை நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணைக் கீயாகக் கொண்ட ரெக்கார்ட் என்று அதில் எழுத முடியும். கம்பைலர் முகம் சுளிக்காது. ஆனால் ஓடும்போது அந்த வகைகள் எதுவும் மிச்சம் இருப்பதில்லை, கீ ஸ்ட்ரிங்தான். அந்த ஆப்ஜெக்டைப் பிரித்து ஒரு மேப்பில் போட்டு, பிறகு எண் 70ஐக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள், இல்லை என்று பதில் வரும். மேப்புக்கு எண் 70 வேறு, ஸ்ட்ரிங் '70' வேறு. சர்வரிலிருந்து வரும் ஜேசன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்று நாம் டைப்ஸ்கிரிப்டுக்குச் சொல்வது வாக்குமூலம் மட்டுமே. அதை யாரும் சரிபார்ப்பதில்லை.

அப்படியானால் பிஎச்பி மேல் குற்றமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது சொல்லப்படும் குற்றம் அல்ல. கீயின் வகையைவிட மோசமான ஒன்றை பிஎச்பி செய்கிறது: அரேயின் உள்ளடக்கத்தைப் பார்த்து ஜேசனின் வடிவத்தையே ஊகிக்கிறது. வரிசைப் பட்டியல், பெயர்-மதிப்பு அட்டவணை இரண்டுக்கும் அந்த மொழியில் ஒரே அரேதான். ஜேசன் என்கோட் அதைக் கையில் வாங்கியதும், கீகள் 0 முதல் விட்டுப்போகாமல் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்க்கும். இருந்தால் சதுர அடைப்பு, இல்லையென்றால் நெளிவு அடைப்பு. காலியாக இருந்தால் சதுர அடைப்பு.

இதன் விளைவு ஒரு வகை மாற்றத்தோடு நிற்பதில்லை. தடங்களின் அட்டவணை பகலில் ஆப்ஜெக்டாகப் போகும். இரவு ஒரு தடமும் ஓடாத நேரத்தில் அதே முகவரி காலி அரேயை அனுப்பும். இன்னொரு பக்கம், ஒரு தடத்தின் ஐந்து புறப்பாடுகள் 0 முதல் 4 வரை பட்டியலாக இருக்கின்றன. ரத்தானதை நீக்க அரே ஃபில்டர் போடுகிறீர்கள். அது கீகளை அப்படியே வைத்துக்கொள்ளும். மூன்றாவது புறப்பாடு நீங்கினால் 0, 1, 3, 4 என்று இடைவெளி விழுந்து பட்டியல் ஆப்ஜெக்டாக மாறும், பிரவுசரில் மேப் என்ற ஃபங்ஷனே இல்லை என்று எரர் வரும். கடைசிப் புறப்பாடு நீங்கினாலோ 0 முதல் 3 வரை தொடர்ச்சியாக இருப்பதால் ஒன்றும் ஆகாது. 'சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை' என்று சொல்லப்படும் பக்குகளில் பல இந்த வகைதான். புரோகிராமர் வடிவத்தை அறிவிக்கவில்லை, அன்றைய தரவு அறிவித்துவிட்டது.

ஜாவாஸ்கிரிப்ட் இதில் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. சதுர அடைப்பால் காலி அரே ஒன்றைத் தொடங்கி, அதில் '29சி' என்ற கீயில் அட்டவணையை வையுங்கள். கன்சோலில் பார்த்தால் இருக்கும். ஜேசனாக்கி அனுப்பினால் வெறும் காலி அரே போகும், ஏனென்றால் அரேயை எழுதும்போது இன்டெக்ஸ்கள் மட்டுமே எழுதப்படும். அதே அரேயில் 102 என்ற இன்டெக்ஸில் வைத்தால் அதன் நீளம் 103 ஆகி, முன்னால் 102 நல்களைச் சுமந்துகொண்டு சர்வருக்குப் போகும். மேப்பை அப்படியே ஜேசனாக்கினால் வெறும் நெளிவு அடைப்பு மட்டும் போகும். மூன்றிலும் எரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. சர்வர் பக்கம் உட்கார்ந்திருப்பவர் காலி அரேயைப் பார்த்துவிட்டு பிஎச்பி தின்றுவிட்டது என்பார்.

வரிசை விஷயத்தில் ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் மோசம். பிஎச்பி அரே, சேர்த்த வரிசையை அப்படியே காக்கும். கூட்டம் அதிகமுள்ள தடம் முதலில் வரும்படி 102, 29சி, 70 என்று அடுக்கி அனுப்புகிறீர்கள். கம்பியில் அந்த வரிசையிலேயே போகிறது. ஜாவாஸ்கிரிப்ட் அதை ஆப்ஜெக்டாக்கியதும் 70, 102, 29சி ஆகிவிடும்: இன்டெக்ஸ் போலத் தோன்றும் கீகள் ஏறுவரிசையில் முன்னால், மற்றவை சேர்த்த வரிசையில் பின்னால். ஆறு இலக்க பின்கோடைக் கீயாக்கினாலும் இதே கதி. பத்து இலக்க மொபைல் எண்ணில் இரண்டு மொழிகளும் பிரிகின்றன. நம் மொபைல் எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்குவதால், ஜாவாஸ்கிரிப்டின் இன்டெக்ஸ் எல்லையான 4294967294ஐத் தாண்டிவிடும். ஆகவே இப்போதைய விதிப்படி வரிசை கலையாது. ஆனால் 64 பிட் பிஎச்பியில் அதுவும் முழு எண்ணாக மாறும். சென்னையின் 044 முன்னால் பூஜ்யம் இருப்பதால் இரண்டிலும் தப்பிக்கும். யாரோ பூஜ்யத்தை நீக்கி 44 என்று சேமித்தால் இரண்டிலும் மாட்டிக்கொள்ளும். இவ்வளவையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு யார் கோட் எழுத முடியும்?

இவற்றையெல்லாம்விட எனக்கு அச்சம் தருவது அரே மெர்ஜ். ஒரு டிப்போவின் அரேயில் 70, 29சி. இன்னொன்றில் 102, 21ஜி. இரண்டையும் அரே மெர்ஜால் சேர்த்தால் ஸ்ட்ரிங் கீகள் அப்படியே நிற்கும், முழு எண் கீகளுக்குப் புதிய எண் கொடுக்கப்படும். 70 என்பது 0 ஆகும், 102 என்பது 1 ஆகும். எரர் வராது. 70ஆம் தடத்தின் அட்டவணை 0ஆம் தடம் என்ற பெயரில் பிரவுசருக்குப் போய்ச் சேரும். கூட்டல் குறியால் சேர்த்திருந்தால் கீ நிலைத்திருக்கும். அரே ஷிஃப்ட், அரே ஸ்லைஸ் இரண்டும் கேட்காமலே மறுஎண் இடுபவைதான், ஸ்லைஸுக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்ல வழி உண்டு. வகை மாற்றம் என்று சிரித்துவிட்டுப் போகும் ஒன்று, இங்கே தரவு இழப்பாக முடிகிறது.

"அதற்குத்தான் ஃபிளாக்குகள் இருக்கின்றனவே" என்று பதில் வரும். ஃபோர்ஸ் ஆப்ஜெக்ட் என்ற ஃபிளாக் எல்லா அடுக்கிலும் உள்ள அரேக்களை ஆப்ஜெக்டாக்கும். உள்ளே உண்மையான பட்டியலாக இருந்த புறப்பாடுகளும் பாழாகும். நியூமரிக் செக் கீகளைத் தொடவே தொடாது, மதிப்புகளில் கைவைத்து 044ஐ 44 ஆக்கும். இந்தச் சிக்கலுக்கு அதைப் பரிந்துரைப்பவர்கள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். அரே வேல்யூஸ் நல்ல ஃபங்ஷன், கீக்குப் பொருள் இல்லாத பட்டியலுக்கு. கீயே தட எண்ணாக இருக்கும் இடத்தில் அதைப் போடுவது, அட்டவணையை வைத்துக்கொண்டு பேருந்தின் பெயர்ப்பலகையைக் கழற்றி எறிவது.

என் நிலைப்பாடு இதுதான்: ஒரு பொருளின் அடையாளம் எல்லையைத் தாண்டும்போது கீயாகத் தாண்டக்கூடாது, மதிப்பாகத் தாண்ட வேண்டும். தடங்களைப் பட்டியலாக அனுப்புங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு ரெக்கார்டிலும் தட எண் ஒரு ஃபீல்டாக, எப்போதும் ஸ்ட்ரிங்காக இருக்கட்டும். மதிப்புக்கு ஜேசனில் வகை உண்டு: '70' என்று அனுப்பினால் '70' என்றே சேரும். பட்டியலின் வரிசையும் கலையாது. காலியானால் காலிப் பட்டியல், அது எப்போதும் சதுர அடைப்புதான். என்கோட் செய்வதற்கு முன் ஒருமுறை அரே வேல்யூஸ் போட்டால் பிஎச்பியின் ஊகத்துக்கும் வேலை இல்லை. இங்கே கீக்குப் பொருள் இல்லாததால் அது பாதுகாப்பானது.

"அப்புறம் வேகமாக எப்படித் தேடுவது?" அந்தந்தப் பக்கம் வந்து சேர்ந்த பிறகு சொந்த இன்டெக்ஸைக் கட்டிக்கொள்ளட்டும். பிஎச்பியில் அரே காலம் ஃபங்ஷனுக்கு இரண்டாவதாக நல், மூன்றாவதாக ஃபீல்டின் பெயர் கொடுத்தால் முழு ரெக்கார்டுகளும் அந்தக் கீயின் கீழ் வந்துவிடும். அங்கே '70' முழு எண்ணாக மாறினால் மாறட்டும். தேடும்போது கொடுக்கும் '70'ம் அதே விதிப்படி மாறுவதால் கிடைத்துவிடும். கீயை வெளியே எடுத்துப் பெயராகப் பயன்படுத்தாமல், பெயரை ரெக்கார்டிலிருந்தே எடுத்தால் போதும். ஜாவாஸ்கிரிப்டில் அந்தப் பட்டியலிலிருந்து ஒரு மேப். "ஃபீல்டின் பெயர் ஒவ்வொரு ரெக்கார்டிலும் திரும்பத் திரும்ப வந்து அளவு கூடுமே" என்பது அடுத்த மறுப்பு. திரும்ப வரும் எழுத்துகளைச் சுருக்குவதுதான் ஜிஜிப்பின் தொழில்.

கீயாகவே அனுப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் சில இடங்களில் உண்டு. அப்போது எண் மட்டும் தனித்து நிற்காதபடி முன்னால் ஓர் எழுத்தைச் சேருங்கள். 'த70' என்ற கீயை இரண்டு மொழிகளும் தொடாது. அரே மெர்ஜும் தொடாது. காலியாகும் வாய்ப்பு இருந்தால், அந்த ஒரு அரேயை மட்டும் ஆப்ஜெக்ட் என்று காஸ்ட் செய்து என்கோட் செய்யுங்கள். இது இரண்டாம் பட்ச வழி.

பக் ஏற்கெனவே கையில் இருப்பவர்கள், இரண்டு மொழிகளின் கோடையும் புரட்டுவதற்கு முன் கம்பியில் போனதைப் பார்க்க வேண்டும். பிரவுசரின் நெட்வொர்க் பக்கத்தில் பதிலை அழகுபடுத்தாத மூல வடிவில் திறந்தால், முதல் எழுத்து சதுர அடைப்பா நெளிவு அடைப்பா என்பதிலேயே பாதி விடை இருக்கும். பிஎச்பி பக்கம் பிரின்ட் ஆர் போட்டுப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். அது 70 என்ற எண்ணையும் '070' போன்ற ஸ்ட்ரிங்கையும் ஒரே மாதிரி மேற்கோள் இல்லாமல் காட்டும். வார் டம்ப் ஸ்ட்ரிங் கீக்கு மட்டும் மேற்கோள் குறி போடும், அந்த வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது. வந்த அரே பட்டியல்தானா என்று கேட்க 8.1இலிருந்து அரே இஸ் லிஸ்ட் என்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. சாதாரண ஃபார்ம் வழியாகத் தரவு போகிறது என்றால் வேறு தொல்லைகள்: எல்லா மதிப்புகளும் ஸ்ட்ரிங்காக வரும், காலி அரே வரவே வராது, பெயரில் உள்ள புள்ளி அடிக்கோடாக மாறும், மாறிகள் இயல்பு வரம்பான 1000ஐத் தாண்டினால் மிச்சம் வெட்டப்படும். அதனால் அடுக்கடுக்கான தரவை ஃபார்மாக அனுப்பாமல் ஜேசனாக அனுப்பி, பிஎச்பியின் உள்ளீட்டு ஸ்ட்ரீமிலிருந்து படிப்பதே நல்லது.

டெஸ்ட் எழுதும்போது 29சியோடு 70ஐயும் வையுங்கள். ஒன்றுமே இல்லாத அட்டவணையை வையுங்கள். நடுவில் ஒன்று நீங்கிய பட்டியலையும் வையுங்கள். உங்கள் ஏபிஐயில் எண்ணைக் கீயாக அனுப்பும் இடம் ஒன்றாவது இருந்தால், அடுத்த பதிப்பிலேயே அதை ரெக்கார்டுகளின் பட்டியலாக மாற்றுங்கள். பழைய வடிவத்தை நம்பியிருக்கும் ஆப்களுக்காகச் சில காலம் இரண்டையும் சேர்த்து அனுப்பலாம். அதன்பின் பழையதை நிறுத்திவிடுங்கள்.